மகமை விழாத உண்டியல்

"எம் புருஷன் திருடனா இல்லையான்னு நாளைக் காலையில கூட்டம் கூடுறதுக்குள்ள எனக்குத் தெரியணும்க்கா. திருடன்னா நானே போலீஸ்ல சொல்லிக்கிறேன்."

சத்தியப்பிரியா நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்ன முதல் பேச்சே இதுதான். அழுகிற பெண்களை நாகவல்லி நிறையப் பார்த்திருக்கிறாள். இவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டு, முகத்தைக் கழுவி, பஸ் ஏறி வந்திருந்தாள்.

நாகவல்லி துப்பறியும் நிலையம் காரைக்குடி கல்லுக்கட்டியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இருக்கிறது. கீழே தவலையைத் தட்டிப் பார்த்து வாங்குவார்கள், மேலே மனிதர்களைத் தட்டிப் பார்ப்பார்கள் என்பது உதவியாளன் பூமிநாதனின் விளம்பர வாசகம். அதைப் பலகையில் எழுத நாகவல்லி இன்றுவரை அனுமதி கொடுக்கவில்லை. ஒரு வங்கியில் மோசடிகளைக் கண்டுபிடிக்கும் பிரிவில் இருந்து, மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் வேலையை உதறிவிட்டு வந்தவள் அவள். பூமிநாதன் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். கல்யாண வீட்டில் யார் யாரை முறைக்கிறார்கள் என்று கேமரா வழியாகப் பார்த்தே பாதித் தொழிலைக் கற்றுக்கொண்டவன்.

"மொதல்லேருந்து சொல்லு சத்யா. ஒம் புருஷன் பேரு?"

"முத்துக்கண்ணன். அமராவதிபுதூர் சொக்கண்ணன்கிட்ட கணக்குப்புள்ளையா இருக்காக. நாலு நாளா ஆளக் காணோம். போனும் எடுக்கல. கேட்டா சொக்கண்ணன், ஒம் புருஷன் ஊர்க்காசு மொத்தத்தையும் அழிச்சிட்டு ஓடிட்டான், நாளைக்குக் கூட்டத்துல சொல்லி போலீசுக்கும் போகப் போறேங்கிறாரு. நான் பாவம்னு எனக்கு மட்டும் முன்கூட்டியே சொல்றாராம்."

"என்ன ஒரு கரிசனம்" என்றான் பூமிநாதன்.

விஷயம் இதுதான். சொக்கலிங்கம் என்கிற சொக்கு இருபது வருஷம் கோலாலம்பூரில் இருந்துவிட்டுத் திரும்பியவர். தொண்ணூற்றேழில் ஆசிய நாடுகளின் பணம் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தபோது அங்கேயே இருந்து கண்ணால் பார்த்தவர். எல்லோரும் வந்த விலைக்கு விற்றுவிட்டு ஓடிய நேரத்தில், சிப் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்கிற கம்பெனிகளின் பங்கைத் துணிந்து வாங்கியதாகச் சொல்வார். அந்தக் கதையை அவர் சொல்லாத கல்யாண வீடு இந்தப் பக்கத்தில் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே மாதிரிக் கம்பெனிகளில் போடலாம் என்று ஊரில் பணம் திரட்டினார். செட்டியார் வீடுகளில் கொஞ்சம், விவசாயக் குடும்பங்களில் நிறைய. சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி மூலமாக வாங்குவதாக ஏற்பாடு.

"எங்க ஆளுகளுக்கு ஷேரும் தெரியாது, சிப்பும் தெரியாது" என்றாள் சத்தியப்பிரியா. "சொக்கண்ணன்தான் வெளங்குற மாதிரி சொன்னாரு. செல்போனுக்குள்ள இருக்குற சிப்புதான் பணியாரமாம். பணியாரம் சுடுறவன் இன்னிக்குச் சுடுவான், நாளைக்குக் கடைய மூடுவான். நாம பணியாரக்கல்லு செய்யிறவன்கிட்ட காசு போடுவோம், எவன் சுட்டாலும் கல்லு வேணும்லன்னாரு."

"இதக் கேட்டா எனக்கே காசு போடணும்னு தோணுது" என்றான் பூமிநாதன். "பசியும் எடுக்குது."

நாகவல்லி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு சுவர்க் காலண்டரைப் படிக்கத் தொடங்கினான்.

"எங்க அத்தை சோணையம்மாள், பைபாஸ் ரோட்டுக்கு நெலம் போன காச அப்படியே கொண்டாந்து குடுத்தாக. சொக்கண்ணன நம்பி இல்ல, எங்க வீட்டுக்காரரு பேச்ச நம்பி. எங்க தெருவுல பாதிப்பேரு அப்படித்தான்."

இந்த வருஷம் ஆசியச் சந்தை மறுபடியும் சரிந்தது. கிழக்கே ஒரு நாட்டில் ஆரம்பித்து, பக்கத்து நாட்டைப் பிடித்து, டிவி பெட்டியெல்லாம் சிவப்பு அம்புகளாகிப் போனது. இயந்திரக் கம்பெனிகளின் பங்குகள் பாதிக்கும் கீழே போயின. அப்புறம் யாரும் எதிர்பாராமல் ஏறத் தொடங்கி, இப்போது விழுவதற்கு முன் இருந்த விலையையும் தாண்டிவிட்டன. பணம் போட்டவர்கள் சந்தோஷமாக நாளைய கூட்டத்துக்குக் காத்திருந்தார்கள். அங்கேதான் சொக்கு எழுந்து, விலை அடிமட்டத்தில் கிடந்த நாளில் முத்துக்கண்ணன் பயந்துபோய் எல்லாவற்றையும் விற்றுவிட்டான் என்று சொல்லப்போகிறார்.

"ஒம் புருஷனுக்கு விக்கத் தெரியுமா?"

"தெனம் காலையில வெல என்னன்னு வாட்ஸ்அப் குரூப்புல போடுவாக. அம்புட்டுத்தான் தெரியும். பங்குக் கணக்கோட பாஸ்வேர்ட அவுககிட்டதான் குடுத்திருந்தேங்கிறாரு சொக்கண்ணன்."

நாகவல்லி 'பாஸ்வேர்ட்' என்று குறித்துக்கொண்டாள். பிறகு சம்பந்தமில்லாத மாதிரி ஒன்று கேட்டாள். "சந்தை விழுந்த அன்னிக்கு சொக்கண்ணன் எப்படி இருந்தாரு?"

"நாங்க எல்லாரும் அவரு வீட்டுல போயி அழுதோம். அவரு மட்டும் கலங்கவே இல்ல. எல்லாருக்கும் காப்பி போடச் சொன்னாரு. பொறுத்திருங்க, தொண்ணூத்தேழையே பாத்தவன் நான்னாரு."

"ஏறுன பெறகு?"

சத்தியப்பிரியா யோசித்தாள். "காய்ச்சல்னு படுத்துட்டாருக்கா. ஒரு வாரம் வெளியவே வரல."

"விழுந்தா காப்பி, ஏறுனா காய்ச்சல்" என்றான் பூமிநாதன். "ஒடம்பு தலைகீழா வேல செய்யுது."

"ஆனா ஒண்ணுக்கா. அவரு பொய் சொல்றாருன்னு சொன்னா ஊருல ஒருத்தரும் நம்பமாட்டாக. போன மாசம் வீட்டுல கெடந்த பழைய நிலைக்கதவு ஒண்ண வித்தாரு. காசு கைக்கு வந்ததும் நேரா ஊருணிக்கரைப் புள்ளையாருக்கு மகமை குடுத்துட்டுத்தான் வீட்டுப்படி ஏறுனாரு. வாங்குனாலும் வித்தாலும் அதுல ஒரு துளி சாமிக்கு. அவுக அப்பச்சி காலத்துலேருந்து அப்படி. அப்பேர்ப்பட்ட மனுஷனான்னு என்னையே கேக்குறாக."

நாகவல்லி மேஜையிலிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பூமி, வண்டிய எடு. புள்ளையாரப் பாத்துட்டு வருவோம்."

"வேண்டுதலா அக்கா?"

"விசாரணை."

வண்டியை அவன் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து நாகவல்லி காதருகே பேசிக்கொண்டே வந்தாள். தேவகோட்டை ரோட்டில் லாரிகள் இரைச்சலாகப் போய்க்கொண்டிருந்தன.

"சொக்கு என்ன செஞ்சிருப்பாரு தெரியுமா? விழுறதுக்கு முன்னாடியே, வெல உச்சத்துல இருக்கும்போது வித்திருப்பாரு. லாபத்த அமுக்கிட்டு, கணக்குப்புள்ள தலையில பழியக் கட்டுறாரு. அதான் விழுந்தப்ப அவரு கலங்கல."

"வித்ததுக்கு நமக்கு சாட்சி வேணும்ல?"

"வித்திருந்தா மகமை போயிருக்கும். இம்புட்டுப் பெரிய தொகைக்குச் சின்னதா குடுக்க முடியாது. கோயில்ல புதுசா என்ன பெருசா இருக்குன்னு பாரு."

"திருடுன காசுலயுமா சாமிக்குக் குடுப்பாக?"

"திருடுன காசுலதாண்டா மொதல்ல குடுப்பாக. ஒரு துளிய அங்குட்டுத் தள்ளிட்டா மிச்சம் சுத்தமாயிரும்னு ஒரு நெனப்பு."

ஊருணிக்கரைப் பிள்ளையார் கோயில் சின்னது. ஆனால் உள்ளே சாமான்களுக்குக் குறைவில்லை. இரும்புக் கதவில் 'சொக்கு உபயம்'. சிமெண்டு பெஞ்சில் 'சொக்கு உபயம்'. மணியில், சந்தனக் கல்லில், தண்ணீர்த் தொட்டியில் எல்லாம் அதே பெயர். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் எழுதியிருந்தார்கள். சுற்றும்போது மட்டும் பிள்ளையாருக்கு அந்தப் பெயரிலிருந்து விடுதலை.

பூமிநாதன் தூண் தூணாகப் போய்ப் பார்த்தான். மடப்பள்ளி மூலையில் போய்ச் சட்டென்று நின்றான். பளபளவென்று ஒரு பெரிய இன்வெர்ட்டர். பக்கத்தில் இரண்டு பேட்டரி. பிளாஸ்டிக் உறைகூட முழுக்கக் கிழிக்கப்படவில்லை.

"அக்கா, இங்குட்டு வாங்க! இத நாலு பக்கமும் சுத்திப் பாத்துட்டேன். பேரே இல்ல. ஒரு கரண்டி குடுத்தாலே பேரும் வெலாசமும் வெட்டிக் குடுக்குற ஊரு இது. இம்புட்டுப் பெரிய சாமான்ல பேரு இல்லன்னா, பேரு வெளிய தெரியக்கூடாதவருதான் குடுத்திருக்கணும்."

நாகவல்லியின் கண்கள் மின்னின. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் வயிரவனைக் கூப்பிட்டாள். விளக்குத் திரியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வந்தார்.

"இது யாரு குடுத்தது வயிரவண்ணே?"

"அதுவா? அது கோயிலோடது இல்லம்மா. பக்கத்து வீட்டு ஆகாஷ் தம்பி வீட்டுல வெள்ளையடிக்கிறாக. பெயிண்ட் படக்கூடாதுன்னு இங்க வச்சிருக்காக. நாளைக்குத் தூக்கிட்டுப் போயிருவாக."

பூமிநாதன் இன்வெர்ட்டரைத் தட்டிக்கொடுத்தான். "நல்லவேள, அரெஸ்ட் பண்ணல."

நாகவல்லி சிரிக்கவில்லை. "சொக்கண்ணன் கடைசியா என்ன குடுத்தாரு?"

வயிரவன் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கையைக் காட்டினார். சிவப்பு பிளாஸ்டிக் வாளி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதிலும் வெள்ளை பெயிண்டில் பெயர் இருந்தது. "போன மாசம் நிலைக்கதவு வித்தாகள்ல, அதுக்கு. அதுக்கு முன்னாடி பழைய ஜீப்ப வித்தப்ப அந்தத் தாம்பாளம். எந்த ஏவாரமா இருந்தாலும் தவறமாட்டாக. உண்டியல்ல காசு போட்டாலும், இது இன்னதுக்குன்னு வாய்விட்டுச் சொல்லிட்டுத்தான் போடுவாக."

"வெளிநாட்டுல பங்கு வாங்குனாரே, அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் வரலம்மா." வயிரவன் திரியை உருட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "நானும் ஒருவாட்டி வாய்விட்டுக் கேட்டேன். அண்ணே, பெரிய ஏவாரம் நடக்குதாமே, மழைக்கு ஒழுகுது, முன்னாடி ஒரு கொட்டகை போட்டுத் தாங்கன்னு. ஒண்ணும் பேசல. சாமி கும்பிடாமலே திரும்பிப் போயிட்டாக. எனக்கே ஏன்டா கேட்டோம்னு ஆயிருச்சு."

"வித்ததுக்கும் வரலையா? இந்த வருஷத்துல எப்பவாச்சும்?"

"வாங்குனதுக்கும் வரல, வித்ததுக்கும் வரல."

நாகவல்லி வெளியே வந்து ஊருணிப் படியில் உட்கார்ந்தாள். கீழ்ப்படியில் ஒரு பெண் துணிக்கு சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் வெகுவாக இறங்கியிருந்தது.

"போகட்டும் அக்கா" என்றான் பூமிநாதன். "கணக்கு தப்பிருச்சு. சொக்கண்ணன் உச்சத்துல விக்கல போல. ஒருவேள நெசமாவே முத்துக்கண்ணன்தான்…"

"பூமி, கொஞ்ச நேரம் பேசாம இரு."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. வங்கியில் எத்தனையோ மோசடிகளைப் பிடித்தவள் அவள். எங்கேயோ ஒளித்து வைத்த பணம் ஒன்று இருக்கும், அதைத் தேடி எடுத்தால் சத்தியப்பிரியாவுக்கும் அந்தத் தெருவுக்கும் விடிவு வரும் என்று நினைத்துத்தான் இங்கே வந்திருந்தாள். இப்போது அவளுக்கு வேறு ஒன்று தோன்றியது. அந்தப் புது ஊகம் தப்பாக இருக்கவேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"நாம தப்பான சாமானத் தேடிட்டோம்டா" என்றாள் கடைசியில். "சத்யாவுக்குப் போன் போட்டு இங்க வரச்சொல்லு. சொக்கண்ணன் சாயங்காலம் எப்ப வருவாருன்னு வயிரவண்ணன்கிட்ட கேளு."

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சொக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, அறுபதைத் தாண்டியும் நிமிர்ந்த நடை. தெருக்கோடியில் அவர் வீடு தெரிந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கப் போகிறார்கள் என்று சுவரெல்லாம் புதுப்பூச்சு, தரையெல்லாம் புது ஆத்தங்குடிக்கல். ஓட்டல் பலகை தொங்கி ஒரு வருஷமாகிறது. வாசலில் இதுவரை ஒரு கார் நின்று யாரும் பார்க்கவில்லை.

"வாம்மா நாகவல்லி. பாங்க விட்டாலும் எங்கள விடமாட்டீக போலயே."

"சாமி கும்பிட வந்தேண்ணே. முத்துக்கண்ணன் விஷயமும் காதுல விழுந்துச்சு."

சொக்குவின் முகம் வாடியது. "எம் போதாத காலம். புள்ள மாதிரி நெனச்சு பாஸ்வேர்டக் குடுத்தேன். எல்லாரும் பயந்த அன்னிக்கு அவனும் பயந்து வித்துட்டான். விக்காம இருந்திருந்தா இன்னிக்கு ஊரே பணக்கார ஊரு."

"அடிமட்டத்துல வித்திருந்தாலும் வித்த காசுன்னு ஒண்ணு இருக்கணும்ல?"

"அதத்தான் எடுத்துட்டு ஓடிட்டானே!"

"சரிண்ணே. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். வெல பாதாளத்துல கெடந்தப்ப ஓடாதவன், ஏறி மேல வந்த பெறகு ஏன் ஓடுனான்?"

சொக்கு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "அப்பத்தானம்மா எல்லாரும் கேக்க ஆரம்பிச்சாக."

"ஆமாண்ணே. விழுந்து கெடந்தா யாரும் கேக்கமாட்டாக. ஏறுனாத்தான் கேப்பாக." நாகவல்லி உண்டியலைக் காட்டினாள். "எனக்காக ஒண்ணு செய்யுங்க. உங்க பையிலேருந்து ஒத்த ரூபா எடுங்க. மெஷின் கம்பெனிப் பங்கு வாங்குனதுக்கு மகமைன்னு ஒரு வார்த்த சொல்லி இந்த உண்டியல்ல போடுங்க. போட்டுட்டா நாளைக்குக் கூட்டத்துல நானே உங்க பக்கத்துல உக்காந்து, முத்துக்கண்ணன்தான் வித்தான்னு சொல்றேன்."

"இம்புட்டுத்தானா?" சொக்கு சிரித்தார். பையில் கைவிட்டு ஒரு நாணயத்தை எடுத்தார்.

வயிரவன் விளக்கேற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சொக்கு உண்டியலுக்கு முன்னால் போய் நின்று, கையை நீட்டி, நாணயத்தைத் துளைக்கு நேராகப் பிடித்தார். வாயைத் திறந்தார். பூமிநாதன் ஒரு அடி முன்னால் வந்தான். ஒரு ரூபாய்தான். யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். மனிதர்களிடம் மூன்று வருஷம் கூசாமல் சொன்னதை இன்னொரு தடவை சொல்லிவிட்டால் தீர்ந்தது.

வாய் திறந்தபடியே இருந்தது. வார்த்தை வரவில்லை. நீட்டிய கையின் விரல்கள் அப்படியே நாணயத்தின்மேல் மூடிக்கொண்டன. சொக்கு பின்னால் நகர்ந்து, தன் பெயர் எழுதிய சிமெண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வாங்கல" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்கண்ணே."

"பங்கே வாங்கல. ஒண்ணுகூட வாங்கல."

பூமிநாதன் சுவரில் சாய்ந்தான். மூன்று வருஷமாக ஒரு ஊரே காலையில் எழுந்ததும் விலை பார்த்தது. விழுந்தபோது அழுதது, ஏறியபோது சிரித்தது. அத்தனையும் இல்லாத ஒன்றுக்காக.

"வாங்கணும்னுதான் வசூல் பண்ணேன்" என்றார் சொக்கு தரையைப் பார்த்தபடி. "வெல ஏறிக்கிட்டே இருந்துச்சு. கொறையட்டும்னு பாத்தேன். அதுக்குள்ள வீட்டு வேலைக்குக் கொஞ்சம் எடுத்தேன். ஓட்டல் ஓடுனா திருப்பி வச்சுரலாம்னு நெனச்சேன். யாரும் தங்க வரல. பொங்கலுக்குப் பொங்கல் லாபம்னு குடுத்ததும் அவுக காசுதான். ஆசியா பூரா விழுந்துச்சே, அன்னிக்குத்தாம்மா மூணு வருஷத்துல நான் நல்லாத் தூங்குனேன். அப்படியே கெடந்திருந்தா, ஒலகமே போச்சு, நம்மதும் போச்சுன்னு ஊரு ஆறியிருக்கும்."

"அந்தக் கம்பெனிக்காரங்க மோசம்ணே" என்றான் பூமிநாதன். "உங்கள ஒரு வார்த்த கேக்காம ஏறிட்டாக."

யாரும் சிரிக்கவில்லை. சொன்ன பிறகு அவனுக்கே கசந்தது.

"தொண்ணூத்தேழுல துணிஞ்சு வாங்குனேன்னு சொல்வீகளே?" என்று கேட்டாள் நாகவல்லி.

"வாங்குனது எங்க மொதலாளி. பயந்து வித்துட்டு ஓடி வந்தவன் நானு."

வாசற்படியில் ஒரு சத்தம் கேட்டது. கழற்றிய செருப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சத்தியப்பிரியா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"அவுக எங்க?"

"நெற்குப்பை கிராமத்துல. சிங்கப்பூர் பங்காளி வீடு அங்க பூட்டிக் கெடக்கு, சாவி எங்கிட்டதான். நான் அடைச்சு வைக்கல ஆத்தா. சொன்னேன், அவனாப் போயி இருக்கான். வேற போன் ஒண்ணு குடுத்திருக்கேன்."

அவரே தன் போனில் எண்ணைப் போட்டுக் கொடுத்தார். சத்தியப்பிரியா ஸ்பீக்கரை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுக்கப்பட்டது.

"அண்ணே?" என்றது மறுமுனை.

"நாந்தான். நீங்க வித்தீகளா?"

"விக்கல சத்யா. விக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. வெல நல்லா ஏறிருச்சே, பாதியாவது வித்து எல்லாருக்கும் குடுப்போம்னு அண்ணன நச்சரிச்சேன். அப்பத்தான் சொன்னாரு."

"தெரிஞ்சுமா ஓடி ஒளிஞ்சீக? உங்களத் திருடன்னு சொல்லப் போறாரு, தெரியும்ல?"

"தெரியும். நான்தான் சரின்னேன்" என்றான் முத்துக்கண்ணன். "எம் பேச்ச நம்பித்தான அம்புட்டுப் பேரும் குடுத்தாக. பயந்து வித்துட்டான், முட்டாப்பயன்னு திட்டுனா திட்டட்டும். வாங்கவே இல்லன்னு எந்த வாயால சொல்றது? தெனம் காலையில வெலயப் போட்டுவிட்டது நான்தான். அத்தைகிட்ட எப்படி சத்யா சொல்றது?"

சத்தியப்பிரியா கண்ணை மூடித் திறந்தாள். ஒரு கணம் அவள் முகத்தில் வந்து போனது நிம்மதிதான். அவள் புருஷன் திருடன் இல்லை. அடுத்த கணமே அதற்குப் பின்னால் வரவேண்டியதெல்லாம் வந்து நின்றது.

"பஸ்ஸப் புடிச்சு வாங்க" என்றாள். "வந்து பக்கத்துல நில்லுங்க. நான் சொல்றேன்."

போனை அணைத்து நாகவல்லியிடம் திரும்பினாள். "அக்கா, ஏதாவது மிச்சம் தேறுமா?"

பொய் சொல்ல நாகவல்லிக்கும் ஆசையாகத்தான் இருந்தது. "வீடு இருக்கு. அதுமேலயும் கடன் இருக்கும். கேசு போடுவோம். வருஷக்கணக்குல இழுக்கும் சத்யா."

சத்தியப்பிரியா தலையை ஆட்டினாள். சொக்கு பெஞ்சில் குனிந்தபடியே இருந்தார். அந்த ஒரு ரூபாய் இன்னும் அவர் கைக்குள் இருந்தது.

வெளியே ஆட்டோ வந்து நின்றது. "கொஞ்சம் இரு தம்பி, வந்துர்றேன்" என்று உரத்த குரலில் சொல்லிக்கொண்டே ஒரு அம்மாள் இறங்கினாள். புதுக் கண்டாங்கிச் சேலை, கையில் மஞ்சள் தடவிய தேங்காய், தட்டில் பூ. சத்தியப்பிரியா கையிலிருந்த செருப்பை இறுக்கிப் பிடித்தாள். சோணையம்மாள்.

"அடியே சத்யா, நீயும் வந்துட்டியா! அட, சொக்கண்ணனும் இருக்காக!" சோணையம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இன்னிக்கும் ஏறிருச்சாம்ல நம்ம மிஷின் கம்பெனி? பக்கத்து வீட்டுப் பய போன்ல பாத்துச் சொன்னான். நாளைக்குக் கூட்டம்னு இருக்கமாட்டாம, இன்னிக்கே புள்ளையாருக்குக் காய் ஒடைச்சிருவோம்னு ஓடியாந்தேன். நெலம் போச்சேன்னு எத்தன நாளு அழுதிருப்பேன்! நல்லாருப்பீக அண்ணே."

பூமிநாதன் நாகவல்லி பக்கம் திரும்பினான். அவள் ஊருணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வயிரவன் என்ன செய்வதென்று தெரியாமல் தேங்காயை வாங்கினார். கல்லில் ஒரே தட்டு. சரிபாதியாக, வெள்ளை வெளேரென்று இரண்டு மூடியாக உடைந்தது.

"பாத்தீகளா, பூவாட்டம் ஒடைஞ்சிருக்கு!" சோணையம்மாள் ஒரு மூடியை எடுத்துப் பெஞ்சருகே கொண்டுபோனாள். "மொத மூடி உங்களுக்குத்தாண்ணே. புடிங்க."

சொக்கு நிமிர்ந்து பார்த்தார். நீட்டிய மூடியை வாங்க வேறு வழியில்லாமல் கையைத் திறந்தார். நாணயம் தரையில் விழுந்து உருண்டது. சோணையம்மாள் அதைக் குனிந்து எடுத்து, கண்ணில் ஒற்றி, உண்டியலில் போட்டாள்.

சத்தியப்பிரியா கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தாள். பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து, பக்கத்தில் இடத்தைத் துடைத்துவிட்டாள்.

"அத்தை, இங்குட்டு வந்து உக்காருங்க."

சோணையம்மாள் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.